பன்னிரண்டடி சார்

ஈச்சம்பேட்டில் வைத்தீஸ்வரன் வீடு எது என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பன்னெண்டடி சார் வீடு என்று கேளுங்கள், டீக்கடைக்காரரே அடுப்பை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அப்படி அடியோடு அழிந்துபோனதற்கு அவரைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பத்து வருஷம் ஒரே பேச்சைப் பேசினால் ஊர் என்ன செய்யும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் போகிற சாலையில் பாதி வழியில் பிரிந்தால் ஈச்சம்பேடு. ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே வயல்கள். எண்பதாம் வருஷம் அந்த வயல்களின் சொந்தக்காரரான கேசவன், இனி நெல் நட்டால் கஞ்சிக்குத்தான் ஆகும், கல் நட்டால் கல்யாணத்துக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு, மொத்தத்தையும் மனைகளாகப் பிரித்துக் கல் நட்டுவிட்டார். ஏரிக்கரையை ஒட்டின அரை ஏக்கரை மட்டும் அவர் மனைவி பச்சையம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மாடு கட்ட இடம் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்று, அங்கேயே வீடும் கொட்டகையும் போட்டுக்கொண்டாள்.

வைத்தீஸ்வரன் அப்போது பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் கிளார்க். மாம்பலத்தில் வாடகை வீடு. குழாயடியில் ஒரு பக்கெட் அதிகம் பிடித்தால் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இருமிக் காட்டுவார். அந்த இருமலுக்குத் தப்பிக்கத்தான் எண்பத்தொன்று சித்திரையில் மனை பார்க்க வந்தார்.

நம் ஜனங்கள் மனை வாங்குகிற லட்சணத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆடியில் வாங்கமாட்டார்கள். புரட்டாசி ஆகாது, மார்கழி கூடவே கூடாது. ஐப்பசி கார்த்திகையில் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் யார் இறங்குவது? தை பிறந்து, வெயில் ஏறி, பூமி பாளம் பாளமாக வெடித்த பிறகு குடும்பத்தோடு வந்து நின்று, 'அட, எவ்வளவு நல்ல மேட்டு நிலம்' என்று மூக்கில் விரலை வைப்பார்கள். அந்த நகரில் மனை வாங்கின எண்பத்திரண்டு பேரில் ஒருவர்கூட மழையில் அந்த மண்ணை மிதித்ததில்லை. போதாக்குறைக்கு ஜோசியர் ஒருவர், ஈசானிய மூலை பள்ளமாக இருக்கிறது, லக்ஷ்மி கடாட்சம் என்று வேறு சொல்லிவிட்டார். பள்ளத்தை நோக்கி வருவது லக்ஷ்மி மட்டும்தானா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வைத்தீஸ்வரனுக்கும் தோன்றவில்லைதான். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதமானாலும் பின்பக்கம் வரை படிப்பார். மனைப்பிரிவு வரைபடத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினொரு நிபந்தனைகள் இருந்தன. விற்றவர் படித்ததில்லை, பதிவு செய்தவர் படித்ததில்லை. ஒன்பதாவது நிபந்தனை இப்படி இருந்தது: 'மனை எண் 31 முதல் 37 வரை, ஏரியின் உபரிநீர் செல்லும் பொருட்டு, ஒவ்வொரு மனையின் தென்புறத்திலும் பன்னிரண்டு அடி அகலத்துக்குக் கட்டடமோ சுவரோ எழுப்பாமல் விடவேண்டும்.'

எழுதினவர் யாரோ விவரமான ஆள். ஏரி மேற்கே. அது நிரம்பினால் தண்ணீர், கரையில் அதற்கென்று விட்ட கலங்கல் வழியாக வழிந்து, பச்சையம்மாவின் கொட்டகையைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, அடுத்த ஏரிக்குப் போகவேண்டும். அந்த வழியில் குறுக்கே வரிசையாக ஏழு மனைகள். ஏழு மனைக்கும் ஏழு சந்து விட்டால் ஏழு வாசல் வழியாகத் தண்ணீர் பிரிந்து போய்விடும். வைத்தீஸ்வரனுடையது முப்பத்தேழாம் எண், கடைசி மனை.

நாற்பதடி அகல மனையில் பன்னிரண்டடியைத் தண்ணீருக்கு எழுதி வைத்துவிட்டு, மிச்ச இருபத்தெட்டடியில் ஒடுங்கிக்கொண்டு எண்பத்து மூன்றில் அவர் வீடு கட்டினார். சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அவர் மனைவி நாகலக்ஷ்மி குனிந்து கோலம் போடுகிற அளவு வாசல்கூட மிஞ்சவில்லை.

"ஏன்னா, ஊர்ல எல்லாரும் நிலத்தைக் கட்டிண்டு அழறா. நீங்க தண்ணிக்குத் தானம் பண்றேள்" என்றாள் அவள்.

"தானம் இல்லை நாகு, ரூல்" என்றார் அவர்.

பால் கொண்டுவந்த பச்சையம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பன்னிரண்டடியை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"வழி வுட்டுக் கட்டிகீறியே சார். யாரு சொன்னாங்கோ?"

"காகிதத்துல போட்டிருக்கு."

"காயிதத்துல போட்டத எவன் செய்றான்? நீ ஒருத்தன் செஞ்சிகீற. நல்லா இருப்பே" என்று சொல்லிவிட்டு, அன்று அரைப் படி பாலைக் கூடவே ஊற்றிவிட்டுப் போனாள். நாகலக்ஷ்மிக்கு அதில் கொஞ்சம் கோபம் ஆறியது.

எண்பத்தைந்து நவம்பரில் மெட்ராஸ் முழுக்க மழை கொட்டியது ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும். ஈச்சம்பேடு ஏரி நிரம்பி வழிந்தது. அப்போது அந்த வரிசையில் வைத்தீஸ்வரனுடையதையும் சேர்த்து மூன்று வீடுகள்தான். தண்ணீர் இரண்டு நாள் சலசலவென்று சந்து வழியாக ஓடிற்று. பச்சையம்மாவின் கொட்டகையில் கணுக்கால் அளவுக்கு மேல் ஏறவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாக அந்த ஓட்டத்தைப் பார்த்த வைத்தீஸ்வரனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் ஒரு காரியம் சரியாகச் செய்திருக்கிறோம் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? பச்சையம்மாவிடம் சொன்னார். அவள், "உன் சந்து இருக்கசொல்ல எனக்கு இன்னா சார் பயம்?" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் பத்து வருஷம் ஊரோடு மல்லுக்கு நின்றார் என்றால் நம்புவீர்களா?

ஏனென்றால் மற்ற ஆறு சந்துகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. எவரும் கெட்டவர் இல்லை. ஒருவருக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. ஒருவர் மருமகள் வந்ததும் ஓர் அறை எடுத்தார். ஒருவர் செப்டிக் டேங்க் கட்டினார். பக்கத்து வீட்டு யக்ஞநாராயணன் வங்கி அதிகாரி, படித்தவர். அவர் சந்தில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டார். வாடகைக்கு வந்தது காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலை பார்க்கிற இரண்டு பேர்.

"ஓய் வைத்தி, எண்பத்தஞ்சுக்கு அப்புறம் ஏரி ஒரு தரமாவது வழிஞ்சுதா? பஞ்சாங்கம் மாதிரி நிபந்தனையை வாசிச்சுண்டே இருக்கீரே" என்பார் யக்ஞநாராயணன்.

வைத்தீஸ்வரன் மனு எழுதினார். பஞ்சாயத்துக்கு, தாலுகா ஆபீசுக்கு, கலெக்டருக்கு. ஒவ்வொரு மனுவிலும் ஒன்பதாவது நிபந்தனையை முழுசாக எடுத்து எழுதுவார். 'நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வரும். எங்கே அனுப்பினார்களோ, யார் கண்டது. பன்னெண்டடி சார் என்ற பெயர் அந்தக் காலத்தில்தான் வந்தது. பஞ்சாயத்து எழுத்தர் ஜெயவேலு அவரைத் தூரத்தில் பார்த்தாலே, "பன்னெண்டடி வருது, எல்லாம் நவுந்துக்கோ" என்பான். தொண்ணூற்றிரண்டுக்குள் ஆறு சந்தும் மூடியாயிற்று. ஏழாவது மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி திறந்து கிடந்தது. முன்பு ஏழு வழியில் போன தண்ணீர் இனி போகவேண்டுமானால் அந்த ஒரே வழிதான். இதற்கிடையே ஏரியின் பாதியையும் மண்ணடித்து மனையாக்கிவிட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது, கேட்டவர்களுக்குக் காது வலித்தது.

கேசவன் போய்ச் சேர்ந்துவிட்டார். பச்சையம்மாவின் மகன் முனிரத்தினம் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போனான். மூன்று மாடு, ஒரு கன்று, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். அறுபது தாண்டியும் அவள் பால் கறப்பதை விடவில்லை.

தொண்ணூற்று மூன்றில் வைத்தீஸ்வரன் ஓய்வு பெற்றார். மகள் கல்யாணமாகி பம்பாயில். இனி நிம்மதியாக மனு எழுதலாம் என்று உட்கார்ந்தவரின் தலையில் இடி இறங்கியது. தொண்ணூற்றைந்து ஆவணியில் நாகலக்ஷ்மிக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. கை தூக்கவில்லை, கால் ஊன்றவில்லை, வாய் கோணிற்று. குளியலறையும் கக்கூசும் பின்கட்டில், இரண்டு படி இறங்கிப் போகவேண்டும். அறுபது வயதுக் கிழவர் அந்தம்மாளை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி அந்த இரண்டு படியில் இறக்குவதும் ஏற்றுவதும் பார்க்கச் சகிக்காது. மார்கழியில் ஒருநாள் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அவள் வலிக்கு அழவில்லை. புடவை நனைந்ததற்கு அழுதாள்.

"ஒரு ரூம். அதோட சேர்ந்து ஒரு பாத்ரூம். கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் குழறின வாயால்.

இருபத்தெட்டடி வீட்டில் ஒரு அறைக்கு இடம் ஏது? இடம் இருந்தது ஒரே ஒரு பக்கம்தான்.

நான்கு நாள் அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் பஞ்சாயத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனார். உள்ளுக்குள் அவர் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? முடியாது என்று சொல்லிவிடவேண்டும் என்றுதான். ரூல் இருக்கிறது சார், கூடாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திரும்பி வந்து, நாகு, நான் என்ன பண்ணட்டும் என்று சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு மகளிடமாவது போயிருப்பார். ஜெயவேலு காகிதத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தார். அவன் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு முடியலேன்னு கேள்விப்பட்டேன் சார். நாளைக்கே ஆர்டர் வாங்கித் தரேன்" என்றான்.

மறுநாளே வந்துவிட்டது. 'ஒன்பதாவது நிபந்தனை தளர்த்தப்படுகிறது' என்று ஒரே வரி. பத்து வருஷம் எழுதின மனு ஒன்றுக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை.

தை மாதம் நல்ல நாள் பார்த்து வேலை ஆரம்பித்தார். பச்சையம்மாவிடம் சொல்லாமல் ஆரம்பிக்க மனசு ஒப்பவில்லை. பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னார். அவள் அந்தப் பன்னிரண்டடியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"கட்டிக்க சார். அம்மா படற கஷ்டத்த நான் பாக்கலியா?" என்றாள். பிறகு, "தண்ணிக்கு இன்னா பண்ணுவே?" என்று கேட்டாள்.

"தரையை உசத்திக் கட்டி, அடியில ரெண்டு பெரிய சிமெண்ட் பைப் போடறேன். கணக்குப் பார்த்துட்டேன். தாராளமாப் போகும்."

கணக்கு சரிதான். மெனக்கெட்டு ஒரு ரிட்டையர்டு இன்ஜினீயரிடம் போய்க் கேட்டுப் போட்ட கணக்கு. கட்டடத்தையும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். ஒன்பது அங்குலச் சுவர். சிமெண்ட் கலவையில் கொத்தனாரை ஏய்க்க விடவில்லை. இருபத்தொரு நாள் காலையும் மாலையும் தானே சுவருக்குத் தண்ணீர் அடித்தார். மாசியில் நாகலக்ஷ்மி அந்த அறைக்குக் குடிபோனாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜன்னல், எட்டினால் குளியலறை. மூன்று நாள் அவள் முகத்தில் பழைய களை இருந்தது.

நாலாம் நாள் குளியலறைத் தொட்டிக்குப் பின்னால் பாம்பு. ஒன்றரை முழச் சாரை, ஒன்றும் செய்யாது. ஆனால் எழுந்து ஓட முடியாத ஒருத்திக்குச் சாரையென்ன, நாகமென்ன? அவள் கத்தின கத்தலில் யக்ஞநாராயணன் கையில் சாப்பாட்டோடு ஓடிவந்தார். பாம்பு ஏரிப் பக்கமிருந்து அடியிலிருக்கிற பைப் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே வைத்தீஸ்வரன் தாம்பரம் மார்க்கெட்டில் கெட்டிக் கம்பிவலை வாங்கி வந்து, இரண்டு பைப்புகளின் மேற்கு வாயிலும் போல்ட்டு வைத்து முடுக்கினார்.

பச்சையம்மா கண்ணில் படாமல் எது இருக்கும்? "சார், வலைல குப்ப மாட்டிக்கும். என் வைக்கோல் போரு வேற அங்க கீது" என்றாள்.

"தெரியும் பச்சையம்மா. பாம்பு வெயில் காலத்துலதான் வரும். ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி நானே கழட்டிடறேன்."

"மறந்துடாத சார்."

"மறப்பேனா?"

அவர் மறக்கவில்லை. காலண்டரில் புரட்டாசிக் கடைசியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அந்த வட்டத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கும்போது, தொண்ணூற்றாறு ஜூனில், வைகாசிக் கடைசியில், வானம் பொத்துக்கொண்டது. வைகாசியில் மழையா? இடிச்சத்தத்தோடு ஒரு பாட்டம் பெய்து ஓயும், பூமி குளிரும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதானே. வைத்தீஸ்வரனும் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் தூங்கினார். விடிந்தபோதும் அது ஓயவில்லை. அந்த மழைக்குப் பாதியாகிப்போன ஏரி எம்மாத்திரம்? காலை எட்டு மணிக்கெல்லாம் வழிய ஆரம்பித்துவிட்டது.

ஒன்பதரை மணிக்கு அவர் நாகலக்ஷ்மிக்குக் காப்பி கொண்டுவந்தவர், ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தார். தண்ணீர் ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே நின்றது. ஓடவில்லை, நின்றது. அதன்மேல் வைக்கோல் பாய் விரித்தாற்போல் மிதந்தது. வீட்டின் கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்தார். பைப்பிலிருந்து ஒரு குழாய்த் தண்ணீர் அளவுதான் வந்துகொண்டிருந்தது.

மொட்டை மாடிக்கு ஓடினார். ஏழு வீடும் சேர்ந்து ஒரே கரையாக நிற்க, அந்தக் கரைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே பச்சையம்மாவின் அரை ஏக்கர் குளமாகிக் கிடந்தது. மருமகளும் குழந்தைகளும் ஏரிக்கரை மேல் கோணியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். முனிரத்தினம் ராத்திரி ஷிஃப்டுக்குப் போனவன், ரயில் ஓடாமல் மறைமலை நகரிலேயே மாட்டிக்கொண்டான். பச்சையம்மா இடுப்பளவு தண்ணீரில் இரண்டாவது மாட்டைக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். மாடியில் அவரைப் பார்த்துவிட்டாள்.

"சார், பைப்பு அடச்சிகிச்சி. வலைய எடு" என்று கூவினாள்.

அவர் துணி உலர்த்துகிற கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஜன்னலில் நின்று குத்திப் பார்த்தார். வலை நாலடி தண்ணீருக்குக் கீழே, போல்ட்டு வைத்து முடுக்கியிருந்தது. வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் அதில் சுவர் மாதிரி அப்பியிருந்தன. கம்பு முறிந்தது. இனி ஒரே வழி, அறையின் இரண்டு சுவர்களையும் இடித்துத் தண்ணீரை அறைக்குள்ளேயே விட்டு அந்தப் பக்கம் வெளியேற்றுவதுதான். மறுபடி மாடிக்குப் போனார். அவள் மூன்றாவது மாட்டோடு கரையேறிக்கொண்டிருந்தாள்.

"சுவரை இடிச்சு விடறேன் பச்சையம்மா. அஞ்சு நிமிஷம்" என்று கத்தினார்.

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள், சரி என்று. கன்று மட்டும் கொட்டகையில் பாக்கி. அவர் சொன்னதை நம்பி, அஞ்சு நிமிஷத்தில் தண்ணீர் இறங்கிவிடும் என்று நம்பி, அவள் திரும்பித் தண்ணீரில் இறங்கினாள்.

கடப்பாரையை எடுப்பதற்கு முன்னால் நாகலக்ஷ்மியை அப்புறப்படுத்தவேண்டும். யக்ஞநாராயணனைக் கூப்பிட்டார். அவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். கட்டில் கதவில் நுழையவில்லை. சரி, போர்வையோடு தூக்கலாம் என்று தூக்கினார்கள். அந்த அம்மாள், பாவம், என்ன நடக்கிறது என்று புரியாமல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துப் பயந்து, நல்லாயிருந்த வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. உயிரெல்லாம் அந்த ஒரு கையில்தானே இருந்தது. "நாகு, விடு நாகு. கெஞ்சிக் கேக்கறேன், விடு" என்று வைத்தீஸ்வரன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று மடங்கியது. அதட்டினார். நாற்பது வருஷத்தில் அவளை அவர் அதட்டினது அன்றுதான். அவளைக் கூடத்தில் கொண்டுபோய்க் கிடத்தும்போது கால் மணிக்கு மேல் ஆகிவிட்டது.

பிறகு கடப்பாரை. முதலில் கிழக்குச் சுவர், அப்புறம் மேற்கு. ஊரில் எத்தனை கட்டடம் கை வைத்தால் உதிர்கிறது. இது உதிரவில்லை. பார்த்துப் பார்த்துக் கலவை போட்டு, இருபத்தொரு நாள் தண்ணீர் அடித்து அவரே கெட்டிப்படுத்தின சுவராயிற்றே. நாலு பேர் மாறி மாறிக் குத்தினார்கள். வைத்தீஸ்வரனின் உள்ளங்கை கிழிந்து கடப்பாரையெல்லாம் ரத்தம். கிழக்கே திறந்து, மேற்கே நாலு கல் பெயர்ந்ததும், தண்ணீரே மிச்சச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. கட்டில், மெத்தை, மருந்து அலமாரி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. ஒரு மணி நேரத்தில் அரை ஏக்கரும் சேறு தெரிய வடிந்துவிட்டது.

கொட்டகையில் பச்சையம்மா கன்றுக்குப் பக்கத்தில் கிடந்தாள். மாட்டைப் பிடிக்கும்போது கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது அவள் வழக்கம். பயந்த கன்று இழுத்த இழுப்பில் கயிறு முளையில் சிக்கியிருக்கிறது. அவிழ்க்க முடியவில்லை. கன்றும் செத்திருந்தது.

தன் வீட்டுச் சுவரைத் தானே இடித்த மனுஷன் என்று ஊர் வைத்தீஸ்வரனைக் கொண்டாடியது. அவர் கையைப் பிடித்து ஜெயவேலு அழுதான். "சார் மட்டும் இடிக்கலேன்னா அந்த நகர்ல பாதி வூடு போயிருக்கும்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் அவருக்குச் செருப்படியாக விழுந்தது. வலையை அன்று சாயங்காலமே யாரும் பார்க்காமல் கழற்றி, வைக்கோலோடு சுருட்டி மாடியில் போட்டிருந்தார். அதைச் செய்த கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

கருமாதி முடிந்த மறுநாள் முனிரத்தினத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வலை போட்டதை, அவள் எச்சரித்ததை, ஐப்பசிக்கு முன்னால் கழற்றுகிறேன் என்றதை, அஞ்சு நிமிஷம் என்றதை, ஒன்று விடாமல். முனிரத்தினம் மொட்டையடித்த தலையைத் தடவிக்கொண்டே கேட்டான். அடித்திருந்தால் தேவலை. எழுந்து போய்விட்டான்.

அறையின் மிச்சத்தையும் இடித்துத் தள்ளி வைத்தீஸ்வரன் பன்னிரண்டடியைப் பழையபடி திறந்துவிட்டார். நாகலக்ஷ்மியின் கட்டில் கூடத்துக்கு வந்தது. ஒருநாள் அவள், "நான் கம்பியை விட்டிருந்தா பச்சையம்மா இருந்திருப்பாளோ?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லை, நீ தூங்கு" என்றார். அவள் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாசியில் அவளும் போய்விட்டாள். அப்பாவை பம்பாய்க்கு வரச்சொல்லி மகள் எழுதின கடிதங்களுக்கு அவர், இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது என்று பதில் போட்டார். வேலை என்னவென்றால், தினம் காலையில் அந்தச் சந்தைப் பெருக்கிக் குப்பை இல்லாமல் வைப்பதுதான். மனு எழுதுவதை விட்டுவிட்டார். அடுத்தவனைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்பார்.

தொண்ணூற்றெட்டு மாசியில் முனிரத்தினம் வந்தான். கருமாதிக்குப் பிறகு அந்த வாசலை அவன் மிதிப்பது அதுதான் முதல்முறை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அரை ஏக்கரையும் பிளாட் போட்டு வித்துடலாம்னு கீறேன் சார். அம்மா கெடந்த எடத்துல எனக்குப் படுத்தாத் தூக்கம் வரல. புள்ளைங்களும் பயப்படுது. மறைமலை நகர் பக்கமே போயிடறோம்."

வைத்தீஸ்வரன் தலையாட்டினார்.

"பார்ட்டிங்க வருவாங்க. அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. இந்த ஊர்ல நீங்க சொன்னா நம்புவாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னிக்கு நீங்க என்கிட்ட சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல சார். என் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. நீங்களும் இங்க தண்ணி வந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவ்ளோதான்."

மிரட்டினானா, கெஞ்சினானா? இரண்டும் இல்லை. கடன் கேட்க வந்தவன்கூட இதைவிடக் குரலை உயர்த்துவான். வைத்தீஸ்வரனால் என்ன சொல்ல முடியும்? உன் அம்மா செத்த இடத்தை விற்காதே என்றா? உண்மையைச் சொல்வேன் என்றா? பெற்றவளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனிடம் ஒன்பதாவது நிபந்தனையைப் படித்துக் காட்டுவதா? "சரிப்பா" என்றார்.

பத்து நாளில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கல் நட்டாயிற்று. வெயில் ஏறியிருந்தது. மண் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துவிட்டு, மேட்டு நிலம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். வைத்தீஸ்வரன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். வெளியே வந்தால்தானே யாராவது கேட்பார்கள்.

ஆனால் சந்தைப் பெருக்காமல் இருக்க முடியாதே. ஒருநாள் காலை துடைப்பமும் கையுமாக நின்றபோது ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் குழந்தை. புருஷன் தள்ளி நின்று டேப்பால் மனையை அளந்துகொண்டிருந்தான்.

"சார், என் பேரு யூனிஸ். குரோம்பேட்டைல ஸ்கூல் டீச்சரா இருக்கேன். அந்தக் கரையோர பிளாட்டைப் பார்க்க வந்தோம். எங்க லைஃப்ல இது ஒண்ணுதான் சார் வாங்கப் போறோம். அதான் கேக்கறேன். டீக்கடையில உங்களைக் கேட்டா உள்ளது உள்ளபடி சொல்லுவீங்கன்னாங்க. மழைக்காலத்துல இங்க தண்ணி வருமா?"

குழந்தை அவர் துடைப்பத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. ஏரிக்கரை மேல், வேப்பமர நிழலில், முனிரத்தினம் நின்றிருந்தான். அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வைத்தீஸ்வரன் துடைப்பத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாவி மனுஷன் பொய் சொல்லிப் பழகினதில்லை. கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை அவருக்கு.

"வராதும்மா" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்று அவள் முகம் மலர்ந்து, புருஷனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். பங்குனி பிறப்பதற்குள் பதிவு செய்துவிட்டார்கள்.